அதிர்வு வேறு, அடி வேறு

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஓய்வு பெற்ற கையோடு விசாவும் வாங்கிவிட்டாய் என்றதும் கமலா நம்பவே இல்லை. "அந்த மனுஷனா? மதுரையைத் தாண்டமாட்டாரே" என்கிறாள். இங்கே எல்லாரும் நலம். சுகர் ஒரு மாதிரி கட்டுக்குள் இருக்கிறது. பையன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

மற்றபடி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜூலையில் நியூஜெர்சிக்கு வந்தால் பேரன் உன்னை எல் டோரோ என்ற ரோலர் கோஸ்டரில் ஏற்றியே தீருவேன் என்கிறான், "மரத்தில் கட்டினதாமே, என் முதுகு தாங்குமா?" என்று எழுதியிருக்கிறாய். நான் கோஸ்டர் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் தடம் பார்த்தே காலம் தள்ளிய ரயில்வேக்காரன் ஒருவன் என்னிடம் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

மரக் கோஸ்டர் என்றாலே உடம்பை முறித்துவிடும், அதிலும் பழசு என்றால் கேட்கவே வேண்டாம் என்பது இங்கேயும் பொதுவான பேச்சு. அப்படிச் சொல்பவர்களை நான் பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் என்ற சின்ன ஊருக்குப் போகச் சொல்வேன். அங்கே கனோபல்ஸ் பூங்காவில் ஃபீனிக்ஸ் என்று ஒன்று ஓடுகிறது. 1947ல் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டியது. அந்தப் பூங்கா 1980ல் மூடிப்போனது. வரைபடம் கைவசம் இல்லாமலே, பலகை பலகையாக எண் போட்டுக் கழற்றி, லாரிகளில் ஏற்றி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவந்து 1985ல் மறுபடி ஓட விட்டார்கள். உயரம் 78 அடிதான். ஆனால் மரக் கோஸ்டர்களுக்கான கோல்டன் டிக்கெட் விருதில் 2018ல் இதற்குத்தான் முதலிடம். கடைசியில் அடுத்தடுத்து வரும் சின்ன மேடுகளில் உடம்பு பெஞ்சை விட்டு எழும்பும், மடிமேல் இருக்கும் கம்பி தொடையில் இடிக்கும், மறுபடி மெத்தென்று உட்காருவாய். ரயில் முழுக்கச் சலசலவென்று அதிரத்தான் செய்யும். ஆனால் இறங்கும்போது எங்கேயும் வலிக்காது.

நான் சொல்ல வருவதே இதுதான். அதிர்வு வேறு, அடி வேறு. மரக் கோஸ்டரில் அதிர்வு இல்லாவிட்டால் அதில் ஏறுவதற்கே அர்த்தம் இல்லை. அடிதான் ஆகாது.

அடி எங்கிருந்து வருகிறது என்றால் தடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள், பெரும்பாலும் பைன் மரம். அதன் தலையில் ஒரு எஃகுப் பட்டை. சக்கரம் அந்தப் பட்டையில்தான் ஓடும். பக்கவாட்டில் இன்னொரு சக்கரம், தடத்துக்கு அடியில் மற்றொன்று. அந்த அடிச் சக்கரம் இருப்பதால்தான் மேட்டில் ரயில் தூக்கி எறியப்படாமல் தடத்தைக் கவ்விக்கொள்கிறது. ஜான் மில்லர் என்பவர் 1919ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. இந்தச் சக்கரங்களுக்கும் தடத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். அந்த இடைவெளியில்தான் ரயில் இடமும் வலமுமாக அலைகிறது. நீங்கள் ஹன்டிங் என்பீர்களே, அதே.

முதலில் கெடுவது இறக்கத்தின் அடியும் வளைவின் தொடக்கமும். அங்கேதான் ரயிலின் பாரம் இரண்டு மூன்று மடங்காகத் தடத்தில் இறங்குகிறது. ஆணி தளரும், பலகை நசுங்கும். சக்கரம் அந்த இடத்தில் ஒரு தடவை விழுந்து எழுந்தால் கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு தட்டும், நாளடைவில் அங்கேயும் ஒரு பள்ளம் விழும். அப்புறம் வரிசையாகக் கடகடவென்று அடிதான். உங்கள் கீமேன் மாதிரி இங்கேயும் தினம் காலையில் பூங்கா திறக்கும் முன்னால் தச்சர்கள் சுத்தியும் ஸ்பானருமாகத் தடம் நெடுக நடந்து பார்க்கிறார்கள். எந்தப் பூங்கா அந்த ஆட்களுக்குச் செலவு செய்கிறது, எது செய்யவில்லை என்பது முதல் இறக்கத்தின் அடியிலேயே தெரிந்துவிடும். பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் நான் ஏறிய மரக் கோஸ்டரில் பாதி வழியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றும் பழசுகூட இல்லை.

தடம் பாதி, ரயில் பாதி. மூன்று வரிசை பெஞ்சு வைத்த நீளமான பெட்டி இறுக்கமான வளைவில் சுலபமாகத் திரும்பாது, தடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே போகும். கிரேட் கோஸ்டர்ஸ் என்ற கம்பெனி தன் ரயிலில் பெட்டிக்கு இரண்டே பேர் என்று குட்டி குட்டியாகச் செய்து கோத்துவிட்டது. வளைவுக்கு ஏற்றபடி அது நெளிந்து போகிறது. மில்லேனியம் ஃப்ளையர் என்று பெயர். வளைவுகளே நிறைந்த கோஸ்டரில் இந்த வித்தியாசம் உன் இடுப்புக்குத் தெரியும்.

உட்காரும் இடமும் அப்படித்தான். ரயில் ஆட்டத்தை அளக்கும் உங்கள் ஓ.எம்.எஸ். கருவியை போகிக்கு, அதாவது சக்கரச் சட்டத்துக்கு, மேலே வைத்தால் ஒரு கணக்கு, பெட்டி நடுவில் வைத்தால் வேறு கணக்கு வரும் அல்லவா? இங்கேயும் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் பெஞ்சில் அடி அதிகம். மூன்று வரிசைப் பெட்டி என்றால் நடு வரிசையைப் பிடி. கடைசிப் பெட்டி இறக்கத்தில் சுண்டி இழுக்கும், பேரனுக்கு அதுதான் பிடிக்கும். அவனை அங்கே அனுப்பிவிட்டு நீ முன்பக்கம் போய்விடு.

அடி தாங்க முடியாமல் போன கோஸ்டர்களை இப்போது மாற்றிவிடுகிறார்கள். இங்கிருந்து வடக்கே, சீடர் பாயின்ட் பூங்காவில் 1991ல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் முரட்டுச் சவாரி என்று பெயர் வாங்கியது. 2016ல் மூடி, மரக் கட்டமைப்பில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே எஃகுத் தடம் போட்டு, 2018ல் ஸ்டீல் வெஞ்ஜன்ஸ் என்று திறந்தார்கள். செய்தது ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன். 2011ல் டெக்சஸ் ஜயன்ட் என்ற மரக் கோஸ்டரை இப்படி மாற்றியவர்களும் அவர்கள்தான். சவாரி பிரமாதம், மறுக்கமாட்டேன். தலைகீழாகவெல்லாம் புரட்டுகிறது, கண்ணாடிபோல் ஓடுகிறது. ஆனால் அதை நான் மரக் கோஸ்டர் கணக்கில் சேர்க்கமாட்டேன். அந்தச் சலசலப்பு போய்விட்டது. கமலா கேட்டால் "வலிக்கவில்லை என்பதற்காகக் கோபப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்பாள்.

கிங்ஸ் ஐலண்ட் பூங்கா செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. அங்கே 1979 முதல் ஓடும் தி பீஸ்ட், 7,300 அடிக்கு மேல் நீளம், உலகத்திலேயே நீளமான மரக் கோஸ்டர். அதை எஃகாக மாற்றவில்லை. 2022 சீசனுக்குள் கிராவிட்டி குரூப் என்ற கம்பெனியை வைத்துச் சுமார் 2,000 அடித் தடத்தைப் புது மரத்தில் போட்டார்கள். முதல் இறக்கத்தையும் 45 டிகிரியிலிருந்து 53 ஆக்கிவிட்டார்கள். இருட்டின பிறகு காட்டுக்குள் அது ஓடும்போது ஏறிப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க ஓடிச் சூடான ரயில் ராத்திரியில் இன்னும் வேகம் பிடிக்கும்.

சரி, உன் எல் டோரோ. 2006ல் சுவிட்சர்லாந்தின் இன்டமின் கட்டியது. 181 அடி உயரம், 76 டிகிரி செங்குத்து இறக்கம். இதன் தடத்தைத் தச்சர் அந்த இடத்தில் வளைத்து ஆணி அடிக்கவில்லை. மெல்லிய மர அடுக்குகளை ஒட்டி, தொழிற்சாலையில் லேசரால் அளவாக வெட்டி, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். அதனால் புதிதில் எஃகுக் கோஸ்டர் மாதிரியே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனாலும் மரம் மரம்தான். 2022 ஆகஸ்டில் ஒரு சவாரியில் 14 பேருக்கு அடிபட்டது, அதன்பின் மூடி 2023 ஜூனில்தான் மறுபடி திறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்குப் பூங்காவில் இறங்கி வருகிறவர்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார், கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களா என்று. அப்புறம் முடிவெடு. அந்தச் செங்குத்து இறக்கமும், மேடுகளில் அது உன்னைத் தூக்கும் வேகமும் நம் வயதுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான் என்பது என் எண்ணம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதிலும் ஏறாதே. முதுகெலும்பில் எல்1, எல்2 என்று உன் எக்ஸ்ரே கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தியானாவில் சான்டா கிளாஸ் என்ற ஊரில் (பெயரே அதுதான்) தி வாயேஜ் என்று ஒரு ராட்சசன் இருக்கிறது. 6,442 அடி, மூன்று இடத்தில் ரயில் 90 டிகிரி சாய்ந்து திரும்பும். முரடு என்று பெயர் எடுத்தது, வருடா வருடம் தடத்தில் ஒரு பகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியும் நான் அதற்குப் பரம ரசிகன். பூங்காவில் கூல்டிரிங்க்ஸ் இலவசம் என்பதும் ஒரு காரணம்! உனக்கு அது வேண்டவே வேண்டாம்.

என் யோசனை இது. எல் டோரோவுக்குப் பேரனோடு மாப்பிள்ளை போகட்டும். நாம் எல்லாருமாக ஒருநாள் கனோபல்ஸ் போவோம், உன் மகள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏறுகிற சவாரிக்கு மட்டும் காசு. தோதுப்படாவிட்டால் நீ மரத்தடியில் உட்கார்ந்து தடத்தைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் இங்கிருந்து கமலாவையும் அழைத்துக்கொண்டு நேராக அங்கே வந்துவிடுவேன். டிக்கெட் உறுதியானதும் தேதியை எழுது, அவள் ஒரு மாதம் முன்னாலேயே லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ரகு