‘சார்ஜ்’ என்றால் என்ன? ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியன் அல்லன். அலுவலக ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் படிக்க உதவுகிறேன். அப்படி வரும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள் அவள். கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் பெயருக்கு எதிரே ‘அவுட்ஸ்டாண்டிங்’ தொகை 4,200 ரூபாய் என்றும், விரைவில் ‘செட்டில்’ செய்யுமாறும் இரண்டே வரிகள். அவுட்ஸ்டாண்டிங் என்றால் சிறந்து விளங்குவது. செட்டில் என்றால் குடியேறுவது. நன்றாகப் படிக்கும் மாணவிக்கு ஏதோ உதவித்தொகை, கூடவே விண்ணப்பித்திருந்த விடுதியில் இடமும் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலில் அவள் பெயரை வகுப்பில் எல்லார் முன்னிலும் வாசித்தார்கள்.

அவளுடைய பழைய பள்ளி நோட்டை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். அவுட்ஸ்டாண்டிங் – தலைசிறந்த. செட்டில் – குடியேறு. இரண்டும் சரியானவை. அந்த நோட்டில் ஒரு பொருளைக்கூட என்னால் தவறென்று காட்ட முடியவில்லை. என் வருத்தம் அந்த நடுக்கோட்டின் மேல்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் என்றால் அந்தப் பக்கமும் ஒரு சொல், கணக்குச் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையை அந்தக் கோடு பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதித்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் எந்தச் சொல் எளிதோ அதற்குத்தான் பொருள் அதிகம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற மூன்றெழுத்து வினைக்கு ஏறத்தாழ 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். அடுத்த பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுத உட்கார்ந்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் அவர் முடித்தபோது அது 645 பொருள்களில் வந்து நின்றது. ஒன்றாம் வகுப்பில் பூனைப் படத்தோடு ‘ரன் – ஓடு’ என்று நாம் கற்றுக்கொடுத்துவிட்டு, முடிந்தது என்று கடந்துவிடும் சொல் அது. அடிக்கடி புழங்கும் சொல்லுக்குப் பொருள்கள் பெருகும் என்பதை ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1940களிலேயே எண்ணிக்கை வைத்துக் காட்டினார். நாமோ கடினச் சொற்களைத் தேடிப் பிடித்துப் பொருள் எழுதிப்போடுகிறோம். பத்தெழுத்து நீளமுள்ள கடினச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். பிள்ளைகள் இடறி விழுவது கெட், டேக், புட், செட், ரன் என்ற சின்னஞ்சிறு சொற்களில்.

‘ரன்’ என்ற சொல்லை வைத்தே பாருங்கள். ஒருவர் சிறிய உணவகம் ‘ரன்’ செய்தார் என்ற வரியை ஒரு பையன் ‘உணவகத்தில் ஓடினார்’ என்று எழுதினான். அவன் வீட்டில் எல்லாரும் பேசும் தமிழை எண்ணிப் பார்த்தேன். வண்டி ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, கடை நன்றாக ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கூலி வந்தால்தான் குடும்பம் ஓடும். ஓடு என்ற சொல்லுக்குள் இத்தனை ஓட்டங்களை வைத்திருக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தானும் அப்படித்தான் ஓடவிடுகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை அவனே பிடித்துக்கொள்வான். மூக்கு மட்டும் அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். எங்கே இரண்டு மொழியும் சேர்ந்து ஓடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதைவிடச் சுவையான ஆங்கிலப் பாடத்தை நான் அறியேன்.

இன்னொரு சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே நம் ஊர்ச் சொல் ஆகிவிட்டது. சார்ஜ். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். போனில் சார்ஜ் இல்லை என்கிறோம். புதிய கலெக்டர் சார்ஜ் எடுத்துக்கொண்டார், போலீஸ் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்தது, கூட்டத்தில் லத்தி சார்ஜ் நடந்தது. கட்டணம், மின்னேற்றம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தடியடி என ஐந்து பொருள்களையும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி ஒரே நாளில் குழப்பமில்லாமல் பேசிவிடுகிறார். பாட்டிக்குத் தெரிந்த இந்த வித்தை, பத்தாண்டு ஆங்கிலம் படித்த பேத்திக்குத் தேர்வுத்தாளில் கைகொடுப்பதில்லை.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அது வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்தது. கார் என்ற சொல்லும் அதே வண்டியிலிருந்து பிறந்ததுதான். வண்டியில் ஏற்றிய பாரம், பணப் பாரமானால் கட்டணம், ஒருவன் தலையில் ஏற்றிய பழியானால் குற்றச்சாட்டு, கடமையானால் பொறுப்பு. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும் அதே சொல், பிற்காலத்தில் மின்சாரம் ஏற்றுவதும் அதே சொல். எதிரியின்மேல் பாய்வதும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துகொண்டது. இப்போது தமிழைக் கவனியுங்கள்: நாமும் குற்றத்தைச் ‘சுமத்து’கிறோம், பொறுப்பைச் ‘சுமக்கி’றோம், வரிச் ‘சுமை’ என்கிறோம், மின் ‘ஏற்றம்’ என்கிறோம். இதை ஒரு வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரிசையில் எப்போதும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பையன் நிமிர்ந்து, “அப்படியென்றால் அவுட்ஸ்டாண்டிங்?” என்று கேட்டான். வரிசையை விட்டு வெளியே தெரியும்படி நிற்பவன் சிறந்தவன். வசூலாகாமல் நின்றுபோன பணம் பாக்கி. அதைத் தமிழில் நிலுவை என்கிறோம். அந்தச் சொல்லும் ‘நில்’ என்பதிலிருந்து வந்ததுதான். கட்டணப் பட்டியலில் பெயர் வாசிக்கப்பட்ட அந்தப் பெண்ணும் அன்று அங்கே இருந்தாள்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரே வேர் கிடைக்காது, வலிந்து தேடவும் வேண்டாம். ‘டேட்’ என்றால் நாள், பேரீச்சம்பழம் இரண்டும் உண்டு. பழத்தின் பெயர் விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், நாளின் பெயர் ‘கொடுக்கப்பட்டது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்தும் வந்து ஒரே உருவத்தில் சந்தித்துக்கொண்டன. நம் ஆறு என்ற எண்ணும் ஆறு என்ற நதியும் போல. நிலவும் மாதமும் கிழமையும் ஆகிய நம் ‘திங்கள்’ சார்ஜ் வகையைச் சேர்ந்தது. எந்தச் சொல் எந்த வகை என்பதில் பிள்ளைகளுக்குத் தானாகவே ஆர்வம் வந்துவிடுகிறது.

எப்படிப் பொருளைக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். பல பொருள் தரும் ஒரு சொல் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகும் என்பது அவர் வாக்கு. கூட வரும் வினை என்ன, பக்கத்தில் நிற்கும் சொற்கள் எந்த இனம், பேசுகிறவர் யார், எந்தச் சூழல். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மா பூத்தது என்றால் மரம் என்பதை வினையே சொல்லிவிடும். மாவும் மருதும் ஓங்கின என்றால் மருது என்ற இனத்தால் அது மரம். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் மாங்காயா கேட்கிறான்? அவன் நிற்கும் கோலம் அது குதிரை என்று சொல்லிவிடுகிறது. மா வீழ்ந்தது என்றால் மட்டும் எதுவென்று தெரியாது, அங்கே எதுவென்று வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும் என்பதற்கும் தனி நூற்பா உண்டு.

இந்தக் கேள்விகளை அந்தக் கடிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அவுட்ஸ்டாண்டிங் என்ற சொல்லுக்கு அருகில் இருந்தது ‘தொகை’யும் ரூபாய்க் கணக்கும், அது இனம். கடிதம் வந்தது கல்லூரியின் கணக்குப் பிரிவிலிருந்து, அது சார்பு. நம் இலக்கணப் பாடத்தில் படித்ததை ஆங்கிலக் கடிதத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவள் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தியைச் சொல்லியிருப்பாள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பாடவேளையாவது சேர்ந்து நடத்திப் பாருங்களேன்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். காலாண்டுக்குள் முடிக்க வேண்டிய பாடங்கள், தேர்ச்சி விழுக்காடு கேட்டு வரும் சுற்றறிக்கைகள். 645 பொருளையும் கற்பிக்கச் சொன்னால் அது கொடுமை, அதை யாரும் கேட்கவில்லை. வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இந்தச் சிக்கலோடு நெடுநாள் போராடினார். 1953இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு புழங்குகிறது என்றும் குறித்திருந்தார். அதிகம் புழங்கும் இரண்டு, மூன்று பொருள்களை முதலில் கொடு, மற்றவை வரும்போது வரட்டும் என்பதே அதன் பயன். நம் வகுப்புக்கு அது போதும்.

நான் கேட்பது அந்த நடுக்கோட்டை எடுத்துவிடுங்கள் என்பதைத்தான். சொல்லை எழுதினால் கூடவே அது வாழும் ஒரு வரியையும் எழுதுங்கள். அடுத்த பாடத்தில் அதே சொல் வேறு முகத்தோடு வரும்போது, பழைய பக்கத்தைத் திருப்பி, அதன் கீழேயே இரண்டாவது வரியை எழுதச் சொல்லுங்கள். அதற்காகச் சொல்லுக்கு அரைப் பக்கம் காலியாக விடச் சொல்லுங்கள். அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாளில் பொருள் கேட்கும்போது சொல்லை வரிக்குள் வைத்து, அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள். பிள்ளைகள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. அடிக்கோட்டுச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மனப்பாடத்திலிருந்து விடையை எடுத்துவைக்கிறார்கள். வகுப்புத் தேர்வில் ஒரு மதிப்பெண் விடைக்கு என்றால், அந்த வரியில் எந்தச் சொல் தனக்குத் துணைசெய்தது என்று காட்டுவதற்கு இன்னொரு மதிப்பெண் கொடுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வகுப்பில் ஆங்கிலச் சொல் எதையும் எழுத வேண்டாம். ‘ஓடு’ என்று தமிழில் கரும்பலகையில் எழுதிவிட்டு, இது எங்கெல்லாம் வரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கூரை ஓடு என்று ஒரு பிள்ளை சொல்லும், முட்டை ஓடு என்று இன்னொன்று சொல்லும், அப்பாவின் லாரி என்று ஒன்று சொல்லும். பலகை நிறைந்த பிறகு அதன் பக்கத்தில் ‘ரன்’ என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களில் சிலரை ஞாயிறுதோறும் சந்திக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன்