இரண்டாவது ஆல்பத்தைப் பாடகரிடமே விட்டுவிடுங்கள்: இசைப்பதிவு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரும் இசைப்பதிவு நிறுவனங்களில் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலும், அவர்கள் கொண்டுவரும் பாடல்களை ஏற்கவோ தள்ளவோ அதிகாரம் உள்ள இடத்திலும் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

தானே எழுதித் தானே பாடும் ஒரு சோல் இசைக் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசைவகை) கலைஞர், முதல் ஆல்பம் நன்றாக ஓடிய பிறகு இரண்டாவதற்கான பாடல்களோடு உங்களிடம் வரும்போது, நீங்கள் வழக்கமாகக் கேட்பவை இரண்டு: முன்பு ஓடிய பாட்டைப் போல இதில் எது இருக்கிறது, இதை யார் வாங்குவார்கள்? பணம் போடுகிறவர் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இவற்றுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தே விடை கண்டுபிடித்து, அதைப் பாடகரின் தலையில் கட்டும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். என் தரப்புக்குச் சான்றாக, அமெரிக்க சோல் பாடகர் பில் விதர்ஸ் 1972 மே மாதம் வெளியிட்ட ‘ஸ்டில் பில்’ என்னும் அவருடைய இரண்டாவது ஆல்பத்தையும், பின்னாளில் ஒரு பெரிய நிறுவனத்தில் அவருக்கு நேர்ந்ததையும் முன்வைக்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938இல் பிறந்த விதர்ஸ், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர்; பேச்சில் திக்கல் இருந்தவர்; ஒன்பது ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்ற முதல் ஆல்பம் 1971இல் வந்தபோது அவருக்கு வயது 32. அதன் அட்டைப் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் தொழிற்சாலையில்தான் நிற்கிறார். பாட்டுத் தொழிலை நம்பி மாதச் சம்பளத்தை விட்டுவிட அப்போது அவர் தயாராக இல்லை. உங்கள் தொழிலைப் பற்றி அந்தத் தொழிலாளி செய்துவைத்திருந்த கணிப்பு எவ்வளவு சரியானது என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின.

அந்த முதல் ஆல்பத்தில் பிறர் தலையீடே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைத் தயாரித்தவர் பெயர்பெற்ற இசைக்கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ். ‘ஐன்ட் நோ சன்ஷைன்’ பாட்டின் ஓரிடத்தில் விதர்ஸிடம் இன்னும் வரிகள் இல்லை; பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ‘ஐ நோ’ என்ற இரண்டு சொற்களையே 26 முறை திரும்பத் திரும்பப் பாடி அந்த இடத்தை நிரப்பினார். அதை அப்படியே விட்டுவிடு என்று சொன்னவர்கள் உடனிருந்த இசைக்கலைஞர்கள். அனுபவசாலிகள் சொன்னதைக் கேட்டு அவரும் விட்டார். இன்று அந்தப் பாட்டை நினைத்தாலே முதலில் காதில் விழுவது அந்த 26 ‘ஐ நோ’க்கள்தான். அதே பாட்டை ‘ஹார்லெம்’ என்ற வேறொரு பாட்டின் பின்பக்கத்தில் போட்டுச் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டாக, வெளியிட்டது நிறுவனம். வானொலித் தொகுப்பாளர்கள் தட்டைப் புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தை ஒலிபரப்பிய பிறகே அது நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டு அமெரிக்க இசைத்துறையின் உயர்ந்த விருதான கிராமியும் பெற்றது. ஆக, ஒரே பாட்டின் விஷயத்தில் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் இருந்தவர்களின் காது சரியாக இருந்தது. எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டவர்களின் காது தவறியது. நான் பேசுவது இந்த வேறுபாட்டைப் பற்றியே. கையில் கருவியோடு பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை ஒன்று. பாட்டு உருவாகும் அறைக்கே வராதவர் அனுப்பும் உத்தரவு முற்றிலும் வேறொன்று.

இரண்டாவது ஆல்பத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசுகிற பலரும், கலைஞருக்கு அவகாசம் கொடுங்கள் என்றே உங்களிடம் கேட்கிறார்கள். அவகாசம் நல்லதுதான், ஆனால் ‘ஸ்டில் பில்’ முதல் ஆல்பம் வந்து ஏறக்குறைய ஓராண்டிலேயே வெளியாகிவிட்டது. இங்கே கிடைத்தது அவகாசத்தைவிடப் பெரியது. இம்முறை வெளியிலிருந்து பெயர்பெற்ற தயாரிப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. வாட்ஸ் 103ஆம் தெரு ரிதம் பேண்ட் என்ற இசைக்குழுவில் ஒன்றாக வாசித்துக் கைபழகிய டிரம்ஸ் கலைஞர் ஜேம்ஸ் காட்சன், பேஸ் கிட்டார் மெல்வின் டன்லப், கீபோர்டு ரே ஜாக்சன், கிட்டார் பெனோர்ஸ் பிளாக்மன் ஆகியோரோடு சேர்ந்து விதர்ஸ் தாமே தயாரிப்பில் இறங்கினார். (இந்த நால்வரின் பெயரையும் உங்கள் ஸ்ட்ரீமிங் பக்கங்களில் பாட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?)

விளைவைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம். ‘யூஸ் மீ’ பாட்டில் ஜாக்சனின் கிளாவினெட் என்ற மின்கீபோர்டு ஒரு சிறு துணுக்கை விடாமல் கொத்திக்கொண்டிருக்க, காட்சன் தம் தாளத்தை அவசரப்படாமல், கேட்பவருடைய தோள் தானாக அசையும் அளவுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைக்கிறார். குரல் அந்த இரண்டுக்கும் நடுவில், பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் நிற்கிறது. தன்னை ஒருத்தி பயன்படுத்திக்கொள்கிறாள் என்று நண்பர்கள் எச்சரிக்க, தெரிந்தே அதற்கு இணங்கும் ஒருவனின் பாட்டு அது. ‘ஹூ இஸ் ஹி’ இன்னும் நுணுக்கமானது: தெருவில் எதிர்ப்பட்ட ஓர் ஆண் முறைத்துவிட்டுப் போகிறான், உடன் வந்தவள் தரையைப் பார்க்கிறாள், தொண்டையைச் செருமுகிறாள்; இவ்வளவே நடப்பு, மீதியெல்லாம் அவன் மனத்தில் ஊறும் சந்தேகம். சிறுகதைக்காரர் ஒருவர் பொறாமைப்படக்கூடிய சிக்கனம் இது. கடைசிப் பாட்டு மட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உங்களில் யாரேனும் கத்தரிக்கோலோடு அங்கே இருந்திருந்தால் அதை வெட்டியிருப்பீர்கள், நானும் வருந்தியிருக்க மாட்டேன். ஆனால் அதே கத்தரிக்கோல் அடுத்துச் சென்றிருக்கக்கூடிய இடத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் ‘லீன் ஆன் மீ’ இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கிய சிறிய எலக்ட்ரிக் பியானோவில், அதை முறையாக வாசிக்கத் தெரியாத நிலையில், அடுத்தடுத்த கட்டைகளில் விரல்களை வரிசையாக ஏற்றி இறக்கிப் பார்த்தபோது அகப்பட்ட மெட்டு அது. வரிகள் தாம் வளர்ந்த சுரங்க ஊரில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்த நினைவிலிருந்து வந்தவை. அதில் காதல் இல்லை, பிரிவு இல்லை, நடனமும் இல்லை. முதல் ஆல்பத்தில் ஓடிய சோகப் பாட்டின் சாயலும் கிடையாது. நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டிருந்தால் அந்தப் பாட்டு அன்றே விழுந்திருக்கும். அது 1972 ஜூலையில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று காட்டும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. ‘யூஸ் மீ’ இரண்டாம் இடம்வரை சென்றது. ஆல்பம் நான்காம் இடத்தைத் தொட்டது. 1987இல் கிளப் நூவோ என்ற குழு மீண்டும் பாடியபோது அதே ‘லீன் ஆன் மீ’ இன்னொரு முறை முதலிடத்தைப் பிடித்து, எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்குக் கிராமி விருதையும் பெற்றுத்தந்தது. வணிகக் கணக்கு மட்டும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், கணக்கும் என் பக்கம்தான் இருக்கிறது.

அந்த ஆல்பங்களை வெளியிட்ட சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ், கிளாரன்ஸ் அவான்ட் நடத்திய சிறு நிறுவனம். அதைப் புனிதமாக்கிப் பேச நான் விரும்பவில்லை. விதர்ஸ் அதனோடு சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் பதிவு செய்யவே முடியாமல் இருந்தார், நிறுவனமும் 1975இல் நொடித்துப்போனது. அவர் பெரிய நிறுவனமான கொலம்பியாவுக்கு மாறினார். அங்கேயும் 1977இல் ‘லவ்லி டே’ போன்ற பாட்டு வரத்தான் செய்தது. ஆனால் எழுபதுகளின் இறுதியிலிருந்து 1985 வரை, தம் பாடல்களுக்கு ஒப்புதல் பெற முடியாமல், சொந்த ஆல்பம் ஒன்றுகூட வெளியிடாமல் அவர் காத்திருக்க நேர்ந்தது. வெள்ளையினப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாடிய ‘இன் த கெட்டோ’வைப் பாடிப் பாருங்கள் என்று அலுவலர் ஒருவர் யோசனை சொன்னதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கறுப்பின மக்களுக்கு எது பிடிக்கும் என்று ஒரு கறுப்பினப் பாடகருக்கே பாடம் எடுத்த இத்தகையவர்களுக்கு அவர் ‘பிளாக்’, ‘எக்ஸ்பெர்ட்’ (நிபுணர்) என்ற சொற்களை ஒட்டி ‘பிளாக்ஸ்பெர்ட்’ என்று ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்.

அந்த இடைவெளியில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்துக்காக அவர் பாடிய ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ 1981இல் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது; மறு ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. தம்மிடம் ஒப்பந்தத்தில் இருந்தவரின் பாடல்களைச் சொந்த நிறுவனம் கிடப்பில் போட்டிருந்த ஆண்டுகளில், வேறொரு நிறுவனத்தின் தட்டில் அவர் குரல் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. 1985இல் கடைசி ஆல்பத்தை முடித்துக்கொடுத்துவிட்டு ஒதுங்கிய விதர்ஸ், 2020 மார்ச் 30இல் இறக்கும்வரை இன்னொன்று செய்யவே இல்லை. 2012இல் அவருடைய ஒன்பது ஆல்பங்களும் ஒரே பெட்டியில் மறுபதிப்பாக வந்தன. அந்தப் பெட்டிக்கும் ஒரு கிராமி விருது கிடைத்தது. அதில் பத்தாவதாக ஒரு தட்டு ஏன் இல்லை என்று உங்கள் துறையில் யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும்: எல்லாப் பாடகர்களும் பில் விதர்ஸ் அல்லர், கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் பத்தில் எட்டு ஆல்பம் நட்டத்தில் முடியும். இருக்கலாம். ஆனால் விதர்ஸால் ‘லீன் ஆன் மீ’ போன்ற ஒரு பாட்டைத் தர முடியும் என்பது 1972 மே மாதத்துக்கு முன்பு உங்கள் துறைக்கும் தெரியாது; அலுவலகக் கட்டுப்பாட்டோடு வந்து நட்டத்தில் முடிந்த ஆல்பங்களும் உங்கள் கிடங்குகளில் குறைவாக இல்லை.

ஆகவே உங்கள் ஒப்பந்தப் படிவங்களில் இரண்டு திருத்தங்களைக் கோருகிறேன். சொந்தமாகப் பாடல் எழுதும் கலைஞரின் இரண்டாவது ஆல்பத்துக்கு, உடன் வாசிப்பவர்களையும் தயாரிப்பாளரையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடமே இருக்கும் என்று எழுதிவிடுங்கள். செலவுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அடுத்து, ஒருவர் கொடுத்த பாடல்களை நீங்கள் ஏற்க மறுத்தால், ஆறு மாதத்துக்குள் அதை எழுத்தில் தெரிவித்து, அந்தப் பாடல்களை வேறிடத்தில் பதிவு செய்துகொள்ளும் அனுமதியையும் அதே கடிதத்தில் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாத பாட்டை இன்னொருவர் வெளியிடுவதால் உங்களுக்குப் போவது ஒன்றுமில்லை. பாடகருக்கோ, அதுவே ஏழெட்டு ஆண்டுகளாக இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
உங்கள் தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு சோல் இசை ரசிகர்