மதினிக்கு ஒரு கடிதம்: அன்றிரவு சொன்ன பதிலைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள மதினிக்கு,

இரத்தப் புற்றுநோயில் இறந்த நம் பாப்பாவை அடக்கம் செய்த இரவில், பாளையங்கோட்டை வீட்டு முற்றத்தில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "அன்பான தேவன் என்றால் ஒன்பது வயசுப் பிள்ளையை ஏன் இப்படிப் பாடுபட விட்டார், நீங்களே சொல்லுங்க தம்பி" என்று கேட்டீர்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் நிருபத்தின் வசனத்தை நான் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் உள்ளே போனீர்கள். வசனத்தை நான் இன்றும் நம்புகிறேன்; ஆனால் பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த தாயின் வாயை அடைக்க அதை எடுத்தது என் பிழை. பெயர் போடாமல் எழுதினால் உங்களைப் போன்றவர்களும் வாசிப்பார்கள் என்று நீங்கள் சொன்னதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் மட்டுமா பேசினேன்? விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்றார் ஒருவர். வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது என்று இன்னொருவர் மறைமுகமாகச் சொன்னார். இந்தக் கடைசிப் பேச்சை வேதமே தள்ளுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதை யோவான் ஒன்பதாம் அதிகாரம் சொல்லுகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றும் அவரே சொன்னார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தையும் ஆற்றோரத்து ஊர்களையும் மூழ்கடித்தபோது, அந்த ஊர்க்காரர்களின் பாவத்தை யாராலும் எண்ணிக் காட்ட முடியவில்லை. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே தண்ணீர்தான் வந்தது.

சபையின் பெரியவர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். தீமை என்பது தேவன் படைத்த பொருளன்று, நன்மை குறைந்துபோன நிலை; மனிதன் தன் சுயாதீனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது உலகத்துக்குள் வந்தது என்று வட ஆப்பிரிக்காவில் பேராயராக இருந்த அகஸ்டின் எழுதினார். யுத்தத்துக்கும் கொலைக்கும் சாதிக் கொடுமைக்கும் அந்த விளக்கம் பொருந்துகிறது. இரத்தப் புற்றுநோய்க்கு அது எட்டவில்லை. அவருக்கும் முன்னால், இரண்டாம் நூற்றாண்டில், ஐரேனியுஸ் என்ற பேராயர் மனிதன் குழந்தையைப் போல முதிர்ச்சியற்றவனாகப் படைக்கப்பட்டு மெல்ல வளருகிறான் என்றார். பாடுகள் அந்த வளர்ச்சிக்கு உதவும் என்று பின்வந்தவர்கள் விரித்தார்கள். அப்படியானால் யாருடைய வளர்ச்சிக்காகப் பாப்பா வேதனைப்பட்டாள்? என் முதிர்ச்சிக்காக அவள் சாக வேண்டியிருந்தது என்றால் அந்த முதிர்ச்சி எனக்கு வேண்டாம். செல்கள் பிரிந்து பெருகுவதால்தான் பிள்ளை வளருகிறது, அதே பிரிதலில் நேரும் பிழையே புற்றாகிறது, ஒழுங்குள்ள உலகத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இதில் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன், ஆனால் மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதெல்லாம் உங்கள் சேலை முந்தானையைப் பற்றிக்கொண்ட அந்தக் கைக்கு அது பதிலாகாது.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1931இல் ஒரு குழிக்குள் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். அந்த அறையிலிருந்து அவர் எழுதியவற்றைச் சொல்லி, இதற்காகவே தேவன் அவரை விழப்பண்ணினார் என்று பிரசங்கிக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படுக்கையிலும் தேவன் அவரைக் கைவிடவில்லை என்பதுவரைதான் என்னால் வர முடிகிறது. குழியைத் தோண்டியவரும் அவரே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த மாதங்களில், சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபின் புத்தகத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். துக்கம் விசாரிக்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து, தேவனுக்காக வழக்காடுவதாக எண்ணி, அவனைக் குற்றவாளியாக்கினார்கள். "காரியத்துக்குதவாத வைத்தியர்கள்" என்று யோபு அவர்களைச் சொன்னான். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது தம்மை நியாயம் கேட்ட யோபின்மேல் அல்ல, தமக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்கள்மேல்தான். இதை நான் எத்தனையோ முறை வாசித்திருந்தும், அன்றிரவு நான் யார் பக்கம் நின்றேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. யோபுக்கு ஏழாயிரமாக இருந்த ஆடுகள் பதினாலாயிரமாயின, மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரமாயின. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்துப் பேர்தான். முதல் பத்துப் பேரும் தேவனிடத்தில் இருப்பதால் அவர்களையும் சேர்த்தால் இருபதுதான் என்று பழைய போதகர்கள் சொல்லுவதுண்டு. "இன்னொரு பிள்ளை பிறந்தால் ஆறிப்போகும்" என்று அடக்க வீட்டில் உங்களிடம் சொன்ன அத்தைக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. எத்தனை பிறந்தாலும் பாப்பாவையும் சேர்த்துத்தான் எண்ணுவோம்.

ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை, மதினி. கர்த்தர் யோபுக்கும் காரணம் சொல்லவில்லை. ஆனால் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசுவே கேட்டார், அவருக்கும் அந்த நேரத்தில் வானத்திலிருந்து மறுமொழி வரவில்லை. பாடுபடுகிற தேவனே நமக்கு உதவ முடியும் என்று 1944இல் ஜெர்மானியச் சிறையிலிருந்து எழுதிய போன்ஹோஃபர் என்ற குருவானவரை, அடுத்த ஏப்ரலில் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தேவனை என்னாலும் இப்போது நம்ப முடியாது. அந்த வார்டில் உங்களோடு விழித்திருந்தவரையே நம்புகிறேன். நீங்கள் ஆராதனைக்கு வராததைப் பற்றி யாரும் கேட்டால், மார்த்தாள் "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று முகத்துக்கு நேரே சொன்னபோதும் இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளுகிறேன்.

வருஷ நினைவு ஆராதனையில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற 23ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லிப் போதகர் ஐயர் கேட்டிருக்கிறார். நான் 88ஆம் சங்கீதத்தை வாசிக்க விரும்புகிறேன். ஆறுதலான முடிவு ஏதும் இல்லாமல், இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதையும் ஜெபமென்றே சபை வைத்திருக்கிறது. உங்களுக்குச் சம்மதமா என்று அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள். வேண்டாமென்றால் 23ஐயே வாசிக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாப்பா பார்க்காமல் ஒப்புவித்தது அதுதானே.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்