ஜெயாவுக்கு, சோம்பாவிலிருந்து

சோம்பா, மலாவி (ஆப்பிரிக்கா)
பிப்ரவரி மாதம்

அன்புள்ள ஜெயா,

ஏட்டி, எடுத்ததும் திட்டாதே. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு இந்த முறை உருப்படியான காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மலேரியாவில் விழுந்துவிட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன், பயப்படாதே. பியூலாவுக்கு உடனே போன் போடாதே, அவளுக்குத் தெரியும். தெரிந்துபோனதுதான் சிக்கலே, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் அல்வாக் கடைப் பக்கம் போகிறாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை விடாது. கொசுவுக்கும் அதுதான் காலம். இந்தப் பக்கத்து மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. விட்டுவிட்டால் மூளை, சிறுநீரகம் என்று போய்விடும். பின்னக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் குளிர் தூக்கிப் போட்டது. அப்புறம் தலைமையாசிரியரிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேனாம். நம் பழைய ஹெச்.எம்.மை அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இவரிடம் சொல்லித் தீர்த்திருப்பேன். நல்லவேளை, மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அரசு மருத்துவமனையில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டாவது கோடும் வந்துவிட்டது, மலேரியாதான். நர்ஸ் அடுத்துக் கேட்டது, "உங்கள் கார்டியன் யார்?" இங்கே நோயாளி தனியாகப் போய்ப் படுக்க முடியாது. கூட ஒருவர் வர வேண்டும். சமைப்பது, துவைப்பது, குளிக்க வைப்பது எல்லாம் அவர் பாடு. அப்படி வருகிறவர்கள் தங்குவதற்கென்றே மருத்துவமனை வளாகத்தில் தனிக் கொட்டகை, பின்னால் வரிசையாக அடுப்புகள். எனக்கு யார் இருக்கிறார்கள்? முழித்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு பாட்டி பாய், பானை, மக்காச்சோள மாவு மூட்டையோடு வந்து நின்றார். பள்ளிக்கூட வாசலில் தக்காளி விற்கிறவர். அவர் பேத்தி என் வகுப்பு. பாட்டிகளை இங்கே அகோகோ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். சிரிக்காதே.

ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டார்கள். வந்ததும் ஒன்று, பன்னிரண்டாம் மணி நேரம் ஒன்று, இருபத்துநாலாம் மணி நேரம் ஒன்று. அப்புறம் மூன்று நாளைக்கு மாத்திரை, வேளைக்கு நான்கு. அதை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்போடு சாப்பிட வேண்டும். அகோகோ மக்காச்சோளக் கஞ்சியில் இடித்த நிலக்கடலையைக் கொட்டி, கரண்டியால் வாயில் திணித்தார். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் தாடையைப் பிடித்துத் திருப்புவார். அவ்வளவு செல்லம்.

ஜெயா, என்னைக் காப்பாற்றியது மருந்துதான். தூ யூயூ என்ற சீனத்து அம்மா பழைய வைத்திய நூலைப் புரட்டி ஒரு செடியிலிருந்து இதன் மூலத்தை எடுத்தார், 2015-ல் நோபல் கொடுத்தார்கள். கணக்கு வாத்திச்சி நான், இதில் மாற மாட்டேன். ஊழியக்காரர் யாராவது என்னைச் சாட்சி சொல்ல மேடையேற்றப் பார்த்தால் தடுத்துவிடு.

ஆனால் இன்னொன்று நடந்தது.

இரண்டாம் ராத்திரியோ மூன்றாம் ராத்திரியோ, பிள்ளைகள் வார்டிலிருந்து ஒரு பெண்ணின் ஓலம் கேட்டது. என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2019-லேயே இந்த நாட்டில் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள், உலகத்திலேயே முதலில் இங்கேதான். இருந்தும் மழைக்காலத்தில் பிள்ளைகள் போகிறார்கள். தரையில் படுத்திருந்த அகோகோ எழுந்து, துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். கொட்டகையிலிருந்து இன்னும் சில பெண்கள். யாருக்கும் அந்தத் தாயைத் தெரியாது. போய்ச் சுற்றி உட்கார்ந்து, மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். விடியும் வரை பாட்டு ஓயவில்லை. நடுவில் வந்த ஒரு ராகம் எனக்குத் தெரிந்தது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில் நீயும் நானும் பாமாலைப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடியதுதான். ஸ்காட்லாந்துப் பாதிரிமார் கொண்டுவந்தது இங்கே சிச்சேவா மொழியில் நிற்கிறது.

என் வீட்டுக்காரர் போனபோது நம் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எல்லார் வாயிலும் ஒரு விளக்கம். கர்த்தருடைய சித்தம், நல்லவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார், இதிலும் ஒரு நோக்கம் உண்டு. சொன்னார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். நீ ஒருத்திதான் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு கோயிலுக்கு வந்தது செருப்பைக் காவல் காக்கத்தான் என்று நீ கேலி பண்ணினாயே, அது முழுக்கச் சரி. அந்த விளக்கங்களைச் சொல்கிற கடவுள் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பெண்கள் யாரும் எதையும் விளக்கவில்லை. காலையில் அகோகோ வந்து, கண் சிவந்து, எனக்குக் கஞ்சி வைத்தார். அவர் மகள் வயிற்றுப் பிள்ளை ஒன்றும் இதே காய்ச்சலில்தான் போனது என்று பேத்தி பிற்பாடு சொன்னாள். எனக்கு வந்த அழுகையில் பக்கத்துக் கட்டிலே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அழுதுகொண்டே, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைக்காக, அகோகோவுக்காக, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற எண்ணம் அன்றைக்கு வரவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கோயிலுக்குப் போகிறேன், உள்ளேயே உட்காருகிறேன்.

இப்போது பியூலா விஷயம். உடனே கிளம்பி வா, டிக்கெட் போடுகிறேன் என்று நிற்கிறாள். மருமகன் வேறு ஆமாம் போடுகிறார். என் வகுப்பில் நூறு பேருக்கு மேல், ஜெயா. 1994-ல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்தபோது 19 லட்சம் பிள்ளைகள் படித்த நாட்டில் மறுவருஷமே ஏறக்குறைய 30 லட்சம் ஆகிவிட்டார்கள். வாத்தியார்கள் அந்த வேகத்தில் பிறக்கவில்லை. பாதி வகுப்பு மாமரத்தடியில் நடக்கிறது. எட்டாம் வகுப்புக்கு அரசுத் தேர்வு வருகிறது, பின்னமும் சதவீதமும் இன்னும் பாக்கி. தேர்வு முடிந்ததும் நானே வருகிறேன் என்று அவளிடம் நீ பேசு. கொசுவலை கட்டுகிறேன், தடுப்பு மாத்திரை போடுகிறேன், அகோகோ காவல் இருக்கிறார் என்று சொல். கோயில் சமாசாரத்தைச் சொல்லாதே, அதற்கும் காய்ச்சல்தான் காரணம் என்பாள்.

அப்புறம், லிம்பேயில் குஜராத்திக் கடையில் துவரம்பருப்பும் புளியும் கிடைக்கின்றன. உசிபா என்று ஒரு குட்டி மீனைக் காயவைத்து விற்கிறார்கள், புளி விட்டு வைத்தால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பேதான். அகோகோவுக்கு ஊற்றிக் கொடுத்தேன், காரம் தாங்காமல் என்னை என்னவோ திட்டினார். பெருங்காயம் மட்டும் எங்கேயும் இல்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நாலு டப்பா கொடுத்துவிடு.

அன்புடன்,
கிருபை