சுதந்திராக் கட்சி ராஜாஜியோடு முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கட்சிகள் எழுவதையும் விழுவதையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சோஷலிசத்தை எதிர்த்துப் பிறந்த சுதந்திராக் கட்சிக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. ராஜாஜி தொடங்கினார், ராஜாக்களும் முதலாளிகளும் சேர்ந்தார்கள், ராஜாஜி மறைந்ததும் கட்சியும் மறைந்தது என்று மூன்று வரியில் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். தேதிகளைப் பக்கத்தில் வைத்தாலே இது நிற்காது. ராஜாஜி காலமானது 1972 டிசம்பர் 25. கட்சி சரிந்ததோ 1971 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில். 1967-இல் 44 இடங்களோடு மக்களவையின் பெரிய எதிர்க்கட்சியாக இருந்தது அன்றைக்கு 8 இடங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் போனார்.

தொடக்கத்துக்கு வருவோம். 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நிலங்களை ஒன்றாகச் சேர்த்து உழும் கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் ஜமீன்தாருக்கு மட்டும் வந்ததல்ல, ஐந்து ஏக்கர் வைத்திருந்தவருக்கும் வந்தது. அந்தப் பயத்தின் மேல்தான் அதே ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையில் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. ஆனால் தலைவராக அமர்ந்தவர் அவரல்ல, ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா. பொதுச்செயலாளர் பம்பாயின் மினூ மசானி. ரங்காவை விட்டுவிட்டு இதை ராஜாக்கள் கட்சி என்று மட்டும் எழுதுவது அநியாயம்.

ஆனாலும் ராஜாக்கள் வந்தார்கள், அங்கேதான் கோளாறும் வந்தது. இரண்டரை ஆண்டில் பொதுத் தேர்தல். அதற்குள் ஊர் ஊராகக் கிளை அமைத்து, உறுப்பினர் சேர்த்து, வாக்குச்சாவடிக்கு ஆள் போட்டு முடிகிற காரியமா? எனவே ஏற்கெனவே ஆள்பலம் வைத்திருந்தவர்களை மொத்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பீகாரில் ராம்கட் ராஜா தம்முடைய ஜனதா கட்சியோடு வந்து சேர்ந்தார். ஒரிசாவில் சமஸ்தான மன்னர்கள் நடத்திய கணதந்திர பரிஷத் 1962 தேர்தலுக்குப் பிறகு இணைந்தது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி வந்தார்.

பலன் உடனே தெரிந்தது. 1962-இல்தான் நாடு முழுவதும் ஒரே வாக்குச்சீட்டில் சின்னத்தைத் தேடி முத்திரை குத்தும் முறை பொதுத் தேர்தலுக்கு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. புது முறை, புதுக் கட்சி, யாருக்கும் பழகாத நட்சத்திரச் சின்னம். அப்படியிருந்தும் ஜெய்ப்பூரில் பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 காயத்ரி தேவிக்கு விழுந்தன. நாடு முழுவதும் 7.89 சதவீத வாக்கு, மக்களவையில் 18 இடம்.

பீகாரை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1962 சட்டமன்றத்தில் 318 இடங்களில் 50 சுதந்திராவுக்கு. பிரதான எதிர்க்கட்சி. இடையில் ராம்கட் ராஜா தம் ஆட்களோடு வெளியேறினார். 1967-இல் கிடைத்த இடம் 3. ஐந்தே ஆண்டில் கொள்கை பொய்த்துப் போகவில்லை, ராஜாஜியின் பேனாவும் ஓயவில்லை. அந்த 50 இடங்களும் கட்சிக்கு விழுந்த வாக்கு அல்ல, ராஜாவுக்கு விழுந்த வாக்கு. அவர் போனபோது கூடவே போயிற்று. கட்சியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிற எவரும் 1971-இல் அல்ல, இந்த 50-லும் 3-லும் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பாரதம் முழுவதற்குமான எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததால் இந்த விரிசல் அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

குஜராத் கதை வேறு. அங்கே பாய்லால்பாய் படேல் பட்டிதார்களையும் க்ஷத்திரியர்களையும் ஒரே அணியில் கொண்டுவந்தார். நிலம் உழுத சாதியும் நிலம் ஆண்ட சாதியும் சேர்ந்த அந்த அணி, சட்டமன்றத்தில் 1962-இல் பெற்ற 26 இடங்களை 1967-இல் 66 ஆக்கியது. ஒரிசாவிலும் அந்த ஆண்டு 140-இல் 49 இடம் பெற்று, காங்கிரஸிலிருந்து பிரிந்த ஹரேகிருஷ்ண மஹதாபின் ஜன காங்கிரஸோடு கூட்டணி அமைத்து ஆர்.என். சிங் தேவ் முதலமைச்சரானார்.

நம் மாநிலச் சட்டமன்றத்து எண்ணிக்கையைக் கட்டுரையாளர் பெருமையாகச் சொல்கிறார். 1962-இல் 6, 1967-இல் 20, 1971-இல் மறுபடியும் 6. நடுவில் இருக்கிற 20 தி.மு.க. கூட்டணி தந்தது. 1971-இல் எதிரணியில் காமராஜரோடு நின்றபோது பழைய 6-க்கே திரும்பியது. தனி பலம் எவ்வளவு என்று அந்த இரண்டு ஆறுகளே சொல்கின்றன.

பணக்காரர் கட்சி என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நன்கொடை வாங்கியது உண்மை. 1960-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்ந்த 293அ பிரிவின்படி ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அல்லது மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அரசியலுக்குக் கொடுக்கலாம், கணக்கிலும் காட்ட வேண்டும் என்றிருந்தது. டாடா போன்ற நிறுவனங்கள் காங்கிரஸுக்கும் கொடுத்தன, சுதந்திராவுக்கும் கொடுத்தன. 1969-இல் இந்தக் கதவையே சட்டம் அடைத்தது. ஆளுங்கட்சியிடம் லைசென்ஸும் பர்மிட்டும் இருந்தன. அதற்குப் பணம் வரும் வழிகள் வேறு. காசோலையில் வாங்கிக்கொண்டிருந்த எதிர்க்கட்சிதான் அடுத்த தேர்தலுக்குக் கையில் காசில்லாமல் நின்றது. இதைச் சொல்லாமல் பணக்காரர் கட்சி என்று முத்திரை குத்துவது முறையல்ல.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன ஆர்.சி. கூப்பர் சுதந்திராக் கட்சிக்காரர். 1970 பிப்ரவரி 10 அன்று 11 நீதிபதிகளில் 10 பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நான்கே நாளில் புது அவசரச் சட்டம் வந்துவிட்டது. அந்த டிசம்பரில், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்திருந்த அங்கீகாரத்தை ரத்து செய்த உத்தரவையும் நீதிமன்றம் தள்ளியது. இரண்டு வாரத்துக்குள் இந்திரா காந்தி மக்களவையைக் கலைத்தார். வழக்கில் வென்ற இரண்டு விஷயமும் தேர்தல் மேடையில் கட்சியின் கழுத்தைப் பிடித்தன. வறுமையை ஒழிப்போம் என்று அவர் கேட்க, ஜனசங்கம், 1969 பிளவில் இந்திராவுக்கு எதிரே நின்ற பழைய காங்கிரஸ், சோஷலிஸ்டுகளோடு சேர்ந்த இவர்களுடைய கூட்டணி இந்திராவை ஒழிப்போம் என்றது. வேறொன்றும் பொதுவாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று தேர்தல் காலம். 1967 வரை பெரும்பாலும் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே வாக்கு. உள்ளூர்ப் பெரியவருக்காகச் சாவடிக்கு வந்தவர் அதே கையோடு மக்களவைச் சீட்டிலும் நட்சத்திரத்தில் குத்திவிட்டுப் போவார். 1971-இல் பெரும்பாலான மாநிலங்களில் மக்களவைக்கு மட்டும் தேர்தல். உள்ளூர்க்காரர்களையே நம்பியிருந்த கட்சிக்கு இது பேரடி. வாக்கு 8.67 சதவீதத்திலிருந்து 3.07-க்கு இறங்கியது. மசானியே தோற்றார், காயத்ரி தேவி, பிலூ மோடி போன்ற சிலரே தப்பினார்கள்.

கட்சியின் 21 அடிப்படைக் கொள்கைகளில் கடைசியானது எனக்கு மிகவும் பிடித்தது: அடிப்படைக் கொள்கையில் சேராத எதிலும் உறுப்பினர் தம் விருப்பப்படி பேசலாம், வாக்களிக்கலாம். இந்திக்கு எதிராக ராஜாஜி எழுதிக்கொண்டிருக்க, இந்தி மாநிலங்களிலும் கட்சி நடந்தது அதனால்தான். உயர்ந்த கொள்கை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் வருகிறவரைக் கட்டிப்போடாத கட்சியில் போகிறவரையும் கட்டிப்போட வழியில்லை.

1974 ஆகஸ்டில் சரண் சிங் தலைமையில் பாரதிய லோக் தளம் உருவானபோது கட்சி அதில் கரைந்தது. மசானி இதை ஏற்கவில்லை. 1959-இல் நாக்பூரிலேயே, காங்கிரஸ்காரராக, கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை எழுந்து எதிர்த்தவர் இந்தச் சரண் சிங் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும்.

கடைசியாக, இப்படி ஒரு கட்சியை இன்றைக்கும் யாரும் தொடங்கலாமே என்று எழுதியிருக்கிறார். முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989 முதல் நடைமுறையில் உள்ள 29அ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்சியின் விதிகளில் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதித் தர வேண்டும். சோஷலிசத்தை எதிர்க்கவே பிறந்த கட்சி, மனசாட்சியோடு அந்த வரியில் கையெழுத்துப் போட முடியுமா? கட்டுரையின் அடுத்த பகுதியில் இதையும், பீகார் எண்ணிக்கையையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை