சின்னக் கறுப்பு உருண்டைகள்

அன்பு பாப்பா,

நலமா? இங்கே எல்லாரும் நலம். நீ தீபாவளிக்கு வந்துபோனதிலிருந்து ஈப்போவில் தினமும் சாயங்கால மழை. பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது, அப்பா ஆள் சொல்லியிருக்கிறார். தம்பி மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை. "வேலைம்மா" என்று ஒரு வரி அனுப்புகிறாய். வேலை இருக்கும். சிங்கப்பூரில் இந்த வயதிலேயே உன்னை மேனேஜராக்கியிருக்கிறார்கள், கோயிலில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பெற்றவளிடம் இரண்டு நிமிஷம் பேசக்கூட விடாத வேலையா அது? சரி, விடு. சாப்பிடு, அது போதும்.

நீ கிளம்பிய அன்று முறுக்கு டப்பா வைக்க உன் பையைத் திறந்தேன். துருவவில்லை. அடியில் அந்தப் பாட்டில் இருந்தது. மிளகைவிடச் சின்னக் கறுப்பு உருண்டைகள். பெயரைப் படிக்காமலே தெரிந்துவிட்டது. சியாவ் யாவ் வான், சீன மருந்து. வேளைக்கு எட்டு உருண்டை. நானும் எண்ணி எண்ணி விழுங்கியவள்தானே.

கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. சீனாவில் சொங் அரசர் காலத்து அரசாங்க மருந்து நூலிலேயே இருக்கிறதாம், 900 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவலையின்றித் திரிவது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். கோபத்தையும் கவலையையும் உள்ளேயே அடக்கினால் கல்லீரலில் ஓட வேண்டிய ச்சீ என்ற உயிர்ச்சக்தி கட்டிக்கொள்ளும், அது வயிற்றை அமுக்கும், பசி போகும், பெருமூச்சு வரும் என்று சின்சே, அந்தச் சீன வைத்தியர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நம் கிளினிக் டாக்டர் சொல்லும் கல்லீரல் இல்லை இது, அவர்கள் கணக்கே வேறு. சாய் ஹூ வேர் அந்தக் கட்டை அவிழ்க்கும், டாங் குவாயும் பாய் ஷாவும் இரத்தத்தைத் தேற்றும், கூடக் கொஞ்சம் இஞ்சி, புதினா.

பசி போகும் என்றாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தீபாவளியன்று நீ அரை இட்லியோடு எழுந்துவிட்டாய். சாப்பிடு பாப்பா.

1998 உனக்கு ஞாபகம் இருக்குமா? உனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு வேலை போன வருஷம். அம்மாவுக்கு கேஸ்ட்ரிக் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, நம் ஆ யீ, மண்சட்டியோடு வருவார். கோதுமை, அதிமதுரம், பத்துச் சிவப்புப் பேரீச்சை, அதாவது சீன இலந்தை. கொட்டையை எடுத்துக் கொடுப்பது நீதான். மூன்று கிண்ணத் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை அடுப்படியில் குந்தியிருப்பாய். காரணமில்லாமல் அழுகிற பெண்களுக்கு என்றே அந்தக் கஷாயத்தை ஏறக்குறைய 1800 வருஷத்துக்கு முன்பு சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதி வைத்தாராம். இனிப்பாக இருக்கும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதிலேயே பாதி ஆறுதல்.

அந்தக் கஷாயத்தில்தான் எழுந்தேன் என்று இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். உன்னிடமும்.

அது பொய், பாப்பா. இரண்டு மாதம் குடித்தேன், உருண்டையும் விழுங்கினேன். தூக்கம் கொஞ்சம் வந்தது, வயிறு லேசானது. ஆனால் காலையில் எழுந்து உனக்குத் தலை வாரிவிட முடியவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஆ யீதான் "இது போதாது, டாக்டரிடம் போ" என்று என்னைக் கூட்டிப்போனார். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். சில வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அப்பா போட்ட காப்பியின் மணம் எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் சாப்பிட்டேன், டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தினேன்.

வெளியில் சொல்ல வெட்கம். நம் ஊரில், மனநல ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரை என்னவெல்லாம் கேலிக்கு எடுப்பார்கள், உனக்கே தெரியும். சீன மருந்து என்றால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். அதனால் மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன், மண்சட்டியை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். இன்று உன் பையில் அந்தப் பாட்டில் மட்டும் இருக்கிறதென்றால், அது நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

யாருக்கென்று சொல்லாமல் நம் மருந்துக்கடைத் தம்பியைக் கேட்டேன். இந்த மருந்தை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம், கொஞ்சம் பலன் தெரிகிறதாம். ஆனால் பெரும்பாலும் சின்ன ஆராய்ச்சிகள், இதையே நம்பி இருந்துவிடக் கூடாது என்றான். டாங் குவாய் சில மாத்திரைகளோடு சேராது, அதிமதுரம் பிரஷரை ஏற்றும். அப்பா பக்கத்துப் பிரஷர் உனக்கும் வரலாம். அதனால் சின்சேயிடம் போனாலும் போ, பதிவுள்ளவரா என்று பார்த்துப் போ, ஆனால் டாக்டரிடமும் போ. இரண்டு பேரிடமும் இரண்டையும் சொல். எதையும் நீயாக நிறுத்தாதே. சாப்பிடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அமான் ஜெயாவில் டிக்கெட் எடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்று மெசேஜ் போடாதே. நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் சமைத்துவைக்கிறேன், நீ தூங்கு. அந்த டாக்டர் கொடுத்த நீல அட்டை, என் பேரும் தேதிகளும் எழுதியது, இன்னும் என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறேன்.

அம்மா