கோவில்பட்டி ஆச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும், ஹாலோவீன் சமையல்கட்டிலிருந்து நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு, வணக்கம்.

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு மகிழும் ஹாலோவீன் விருந்து நடந்து முடிந்துவிட்டது. நடக்குமா நடக்காதா என்று அன்று மதியம் எல்லோரும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. பிள்ளைகள் வயிறார உண்டு, முகச்சாயம் கலையக் கலைய ஆடிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் ஒரு வயிற்றுவலி கூட இல்லை. அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல். பலகாரங்களின் பக்குவத்தைப் பலர் கேட்டிருந்ததால் அளவுகளையும் இதிலேயே சேர்த்துவிட்டோம்.

முதல் நன்றி ஆச்சிக்கு. பேரனைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவர், அவனுக்குத் துணையாகத்தான் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தார். சமையல்கட்டில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆப்பிளை முக்கி எடுக்கும் கேரமல் பாகு அடுப்பில் ஏறியிருந்தது, வெப்பமானி கையில் இல்லை. எட்டிப் பார்த்த ஆச்சி ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பின் பக்கத்தில் நின்றார். பாகு ஆப்பிளில் ஏறி முடியும்வரை அங்கேயே நின்றார்.

கேரமல் ஆப்பிளுக்கு அளவு இது. நடுத்தர அளவுள்ள 10 முதல் 12 ஆப்பிள்களுக்கு வெண்ணெய் 226 கிராம், பிரவுன் சுகர் 400 கிராம், கார்ன் சிரப் (சோளப்பாகு) 240 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 396 கிராம் டின் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. அடி கனத்த பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நடுத்தரச் சூட்டில் கைவிடாமல் கிளற வேண்டும். கண்டென்ஸ்டு மில்க் அடிபிடிக்கும் சாமான். சூட்டைக் கூட்டினால் அடியில் கருகி, அந்தக் கருகல் கரும்புள்ளிகளாகப் பாகு முழுவதும் மிதக்கும். 118 டிகிரி செல்சியஸ், அதாவது 245 ஃபாரன்ஹீட் வந்ததும் இறக்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் கேரமல் ஆப்பிளை விட்டு வழிந்து தட்டில் குளமாகத் தேங்கும். 125 டிகிரியைத் தாண்டவிட்டால் பால்பல் ஆடும் பிள்ளையின் பல்லை அது கையோடு கொண்டுபோய்விடும்.

அந்தச் சில டிகிரிகளை ஆச்சி தண்ணீரில் பார்த்தார். அரைத் தேக்கரண்டி பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் கூட்டி எடுக்க வேண்டும். சேராமல் கரைந்து ஓடினால் இன்னும் வேக வேண்டும். உருண்டையாகச் சேர்ந்தும் தண்ணீரை விட்டு எடுத்ததும் தானாகச் சப்பையானால் அது அதிரசத்துக்கு ஏற்ற பதம், ஆப்பிளுக்குப் போதாது. வெளியே எடுத்த பிறகும் உருண்டையாகவே நின்று, விரலால் அழுத்தினால் மட்டும் அமுங்க வேண்டும். ஆப்பிளுக்கு வேண்டியது அதுதான். அழுத்தினாலும் அமுங்காமல் கெட்டியாக நின்றால் பொரி உருண்டைப் பதம். தட்டில் போட்டதும் 'டங்'கென்று ஒலித்து, ஒடித்தால் முறிந்தால் கடலை மிட்டாய்ப் பதம், அதாவது ஏறத்தாழ 150 டிகிரி.

இதில் இரண்டு இடங்களில்தான் கை தவறும். ஒன்று கிண்ணத்துத் தண்ணீர். இரண்டு மூன்று சொட்டுப் போட்டதும் அது வெதுவெதுப்பாகிவிடும். வெந்நீரில் நல்ல பாகும் இளகலாகவே தெரியும், அதை நம்பி இன்னும் காய்ச்சினால் பதம் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். இன்னொன்று அடுப்பு. இங்குள்ள மின்சுருள் அடுப்பையும் கண்ணாடி அடுப்பையும் அணைத்தாலும் சூடு உடனே இறங்காது. சோதிக்கும் அந்த அரை நிமிடத்தில் பாகு இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். ஆச்சி ஒவ்வொரு தடவையும் சொன்னது இதைத்தான்: "சட்டிய எறக்கி வச்சிட்டுப் பாரு ளா. நாம பாக்குற வரைக்கும் பாகு காத்துக்கிட்டு நிக்காது."

கடல்மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் இருக்கும் டென்வர் பக்கம் உறவினர் இருப்பவர்கள் இந்தக் கிண்ணத்து வித்தையை அவர்களுக்கும் சொல்லுங்கள். அந்த உயரத்தில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். வெப்பமானியை நம்பிச் சமைப்பவர்கள் நாம் சொல்லும் டிகிரியிலிருந்து ஐந்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் பார்ப்பவர்களுக்கு எந்த ஊரிலும் அந்தக் கணக்கு வேண்டியதில்லை.

ஆப்பிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாகு சரியாக வந்தும் வழிந்துவிடுகிறது என்று கேட்டவர்கள் பலர். கடை ஆப்பிளின் மேல் மெழுகு பூசியிருக்கும். கொதிநீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு, ஆப்பிளைப் பத்து விநாடி முக்கி எடுத்து, துணியால் அழுத்தித் துடைத்து, முழுக்க உலரவிட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு முக்கினால் தோலில் ஈரம் பூத்து, கேரமல் பிடிக்காது. பாகை இறக்கியதும் முக்கக் கூடாது. குமிழ் அடங்கி, கரண்டியிலிருந்து நூலாக ஓடாமல் கனமாக மடிந்து விழும்வரை, ஏறத்தாழ 93 டிகிரி வரை, பொறுக்க வேண்டும். வெண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் நிறுத்துங்கள். மெழுகுத் தாள் சூட்டில் இளகி அடியில் ஒட்டிக்கொள்ளும். கேரமலின் தித்திப்புக்குப் புளிப்பான பச்சை கிரானி ஸ்மித்தான் எங்கள் தேர்வு.

மிஞ்சிய ஆப்பிள்களை வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் குளிர்பெட்டியிலேயே வையுங்கள். 2014 இறுதியில் இந்த நாட்டில் பொட்டலமாக விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று வந்து 35 பேர் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. கேரமல் மட்டும் இருந்தால் கிருமிக்குப் பிடிக்காது, அதில் ஈரம் குறைவு. ஆப்பிள் மட்டும் இருந்தாலும் புளிப்பு தடுக்கும். குச்சியைச் செருகியதும் சாறு கசிந்து இரண்டுக்கும் நடுவே தேங்குகிறது, அந்த இடுக்கில் கிருமி வளர்கிறது. வெளியே வைத்த குச்சி ஆப்பிளில் அது மூன்றே நாளில் ஆயிரம் மடங்கு பெருகியதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆகவே மேசையில் அழகுக்கு வைக்காதீர்கள்.

ஆச்சி அத்தோடு விடவில்லை. பாப்கார்ன் உருண்டைக்கான கார்ன் சிரப் தீர்ந்துபோனதைப் பார்த்து, வெல்லம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வீட்டிலிருந்து வந்தது. 100 கிராம் சோளம் பொரித்தால் பெரிய பாத்திரம் நிறையும். பொரியாத மணிகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும், பல்லை உடைப்பவை அவைதான். ஒன்றரைக் கப் வெல்லத்தை அரைக் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, உருண்டை அழுத்தினாலும் அமுங்காத பதம் வரும்வரை காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, பொரியின் மேல் ஊற்றிக் கிளற வேண்டும். கையில் நெய் தொட்டுக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே லேசாகப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் பொரி நொறுங்கி உருண்டை கல்லாகிவிடும். ஆறவிட்டால் உதிரும். அமெரிக்க வீடுகளில் ஹாலோவீனுக்குப் பாப்கார்ன் உருண்டை பழைய வழக்கம். வெல்லத்தில் பிடித்ததை அந்தப் பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் தராதீர்கள், பாப்கார்ன் மூச்சுக்குழலில் சிக்கும்.

ஆச்சி, உங்களுக்கு எங்கள் கைகூப்பிய நன்றி. யாரும் அழைக்காமலே வந்து, யாரையும் குறை சொல்லாமல், கால் வலியோடு அத்தனை நேரம் நின்றீர்கள். ஊருக்குப் புறப்படுமுன் ஒரு நாள் எங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். பாகு பார்க்க அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஆப்பிள் தோட்டத்துக்காரர் நாலு காலன் சைடர் (புளிக்காத ஆப்பிள் சாறு) கொண்டுவந்து தந்தார். தரும்போதே, இது பாஸ்டரைஸ் செய்யாதது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காதது, பிள்ளைகளுக்குக் காய்ச்சித்தான் தர வேண்டும் என்று நேராகச் சொன்னார். சொல்லாமல் போயிருந்தால் அப்படியே ஊற்றியிருக்கக் கூடும். ஈ.கோலை கிருமியின் பயம் இருப்பதால் குறைந்தது 71 டிகிரி வரை சுட வேண்டும், ஒரு கொதி விட்டால் கவலையே இல்லை. ஒரு காலனுக்குப் பட்டைக் குச்சி நான்கு, கிராம்பு எட்டு, ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். துணியில் முடிந்து போட்டு அரை மணியில் எடுத்துவிடுங்கள். கிராம்பு மாலை முழுக்கக் கிடந்தால் கசப்பும் நாக்கு மரப்பும்தான் மிஞ்சும்.

உலர்பனி (டிரை ஐஸ், உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்கி வந்த தம்பி, இரவு முழுக்கப் பஞ்ச் கிண்ணத்தை விட்டு நகராத தம்பி, உனக்கும் நன்றி. உலர்பனியின் குளிர் மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டாலே தோல் வெந்துவிடும், ஒரு துண்டை விழுங்கினால் குடல் புண்ணாகும். ஆகவே பானத்துக்குள் போடவே இல்லை. பெரிய அண்டாவில் வெந்நீர், அதில் உலர்பனி, நடுவில் பஞ்ச் கிண்ணம். புகை கிண்ணத்தைச் சுற்றி வழிந்தது, குடித்தது வெறும் பழச்சாறு. வெந்நீர் ஆறினால் புகை நின்றுவிடும், கால் மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். கதவு சன்னல் திறந்திருக்க வேண்டும். மீந்ததை இறுக மூடிய டப்பாவில் அடைத்தால் வெடிக்கும்.

பஞ்ச் பானத்தில் மிதந்த பனிக்கை எப்படி என்று கேட்டவர்களுக்கு: பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையை உட்புறம் கழுவி, கிரான்பெர்ரிச் சாறு ஊற்றி, முடிச்சிட்டு ஒரு இரவு உறைய வையுங்கள். உருவி இழுத்தால் விரல்கள் ஒடியும். ஐந்து நிமிடம் வெளியே வைத்து, கத்தரியால் வெட்டிப் பிரியுங்கள்.

உலர்ந்த சங்குப்பூ கொடுத்த அக்கா, மம்மி ரோலுக்கு (மாவுப் பட்டை சுற்றிய பலகாரம்) பனீரை முன்கூட்டியே வறுத்து ஈரம் போக்கித் தந்த வீட்டார் (ஈரம் இருந்தால் மாவு அடியில் வேகாது), பாத்திரம் கழுவிய அப்பாக்கள், மண்டபத்தைப் பூட்டாமல் காத்திருந்த காவலர், எல்லோருக்கும் நன்றி. அரை லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சங்குப்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கருநீலம். பிள்ளையின் கண்ணெதிரே எலுமிச்சை பிழிந்தால் ஊதா. கறுப்பு நிறத்துக்காகக் கரித்தூள் மாத்திரையைக் கலக்கும் வழக்கம் பரவுகிறது, அது சாப்பிடும் மருந்தை உறிஞ்சி வீணாக்கும். அதை எங்கள் மேசையில் வைக்க மாட்டோம்.

ஒவ்வொரு தட்டின் முன்னும் எழுதி வைத்த அட்டைகளுக்குத் தனியாக ஒரு நன்றி. வேர்க்கடலை உண்டா, பால் உண்டா, ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டா என்று ஓர் அம்மா கையால் எழுதினார். மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலான கம்மி மிட்டாயிலும் ஜெலட்டின் இருப்பது சைவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அன்றுதான் தெரிந்தது. இனி எங்கள் சமையல்கட்டிலிருந்து அட்டை இல்லாத தட்டு வெளியே வராது. வாசலில் நீலப்பச்சைப் பூசணி ஒன்றும் வைப்போம். டென்னசியில் தொடங்கி, 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ பொம்மையோ இங்கே கிடைக்கும் என்று பொருள்.

பூசணி என்றதும் ஒன்று. செதுக்கி உள்ளே மெழுகுவத்தி ஏற்றிய பூசணியைச் சமைக்காதீர்கள். அதன் விதைகளைச் செதுக்கும்போதே எடுத்துவைத்திருந்தால் உப்புநீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக உலர்த்தி, 165 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் வறுங்கள்.

அவரவர் பாத்திரங்களைக் கழுவிப் பெயர் ஒட்டி மண்டபத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். பச்சை மூடி போட்ட தூக்குவாளி ஒன்றுக்கு மட்டும் உரியவர் யாரென்று தெரியவில்லை. ஞாயிறு மாலைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சமையல்கட்டுக் குழுவினர்